என் ஸ்பீக்கர் பெட்டியில் ரிவர்ஸ் நல் (ட்வீட்டரைத் தலைகீழாக இணைத்தால் ஊஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் அதிர்வெண்ணில் விழும் பள்ளம்) 8 டெசிபலோடு நிற்கிறது. காரணம் சொல்ல முடியுமா?

6.5 இன்ச் ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கு), 1 இன்ச் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கு), இரண்டின் மையங்களுக்கு நடுவே 16 செ.மீ. கிராஸ்ஓவர் (ஒலியை இரண்டுக்கும் பிரிக்கும் இடம்) 2.5 கிலோஹெர்ட்ஸ், நான்காம் ஆர்டர் லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டர். மைக் ட்வீட்டருக்கு நேராக 1 மீட்டரில், இரண்டும் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி 3.6 மில்லிசெகண்ட் பிந்தி வருவதால் கேட் (அளவீட்டில் எடுத்துக்கொள்ளும் நேரம்) 3.5 மில்லிசெகண்ட். ஆகவே 285 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த அளவீட்டு வளைவைப் பார்க்க வேண்டாம். அந்தப் பகுதிக்கு நியர்ஃபீல்டு (மைக்கைக் கோனுக்கு மிக அருகில் வைத்து எடுத்த அளவு) தனியாக இருக்கிறது.

ட்வீட்டர் வயரின் பிளஸ்-மைனஸை மாற்றிக் கொடுத்தால் 2.5 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபலுக்கு மேல் பள்ளம் விழ வேண்டும். 8தான் விழுகிறது. கணக்குப் போட்டால் சுமார் 47 டிகிரி ஃபேஸ் (அலைகளின் கட்டம்) வித்தியாசம், தூரத்தில் 1.8 செ.மீ. மைக்கை 10 செ.மீ. இறக்கினால் பள்ளம் நன்றாக ஆழமாகிறது. ஊஃபர் கோனின் ஒலிமையம் (ஒலி புறப்படுவதாகக் கொள்ளும் புள்ளி) ட்வீட்டருடையதைவிடப் பின்தங்கியிருப்பதும் ஒரு காரணம் என்று படுகிறது.

முன்பலகையை 6 டிகிரி பின்னால் சாய்ப்பதா, ட்வீட்டர் ஃபில்டரை மட்டும் மாற்றுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். என்னுடையது யூஎஸ்பி மைக். அதன் டைமிங்கை முழுதாக நம்ப மனமில்லை. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் இரண்டு சானல் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வைத்திருப்பவர் யாராவது இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கேட்பவர்களுக்கு அளவீட்டு ஃபைலையே அனுப்புகிறேன். ஸ்மூத்திங் (வளைவை வழவழப்பாக்குவது) போட்ட படத்தில் இந்தக் குறையெல்லாம் தெரியாது.