ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போதே விற்கிற விலையையும் பார்க்கணுமா?
நண்பர்களே, ஒரு குழப்பம். ரொம்ப நாள் ஆசை, ஒருவழியாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன், ஆனால் போர்ஷே 911-ஆ ஜாகுவார் எஃப்-டைப்பா என்று முடிவெடுக்க முடியவில்லை. 911 பழசானாலும் விலை அவ்வளவாக இறங்காது என்கிறார்கள். எஃப்-டைப் உற்பத்தியே 2024-இல் நின்றுவிட்டது, இருந்தும் அதன் சத்தத்தைக் கேட்டதிலிருந்து வேறெதுவும் மனசில் ஒட்டவில்லை. முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் விலை வேகமாக விழும் என்பதால், சரி, செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை. அப்புறம், விற்கும்போது விலை குறையுமே என்று கிலோமீட்டர் ஏறாமல் ஷெட்டில் மூடி வைக்கவா கார் வாங்குவது? (மனைவி கேட்டது, பதில் வரவில்லை.) எப்படியும் ஐந்து வருடம் வைத்திருப்பேன். வாங்கி, ஓட்டி, விற்றவர்கள் சொல்லுங்கள்: கையைச் சுட்டுக்கொண்டீர்களா? மேனுவல் கியர் என்பதால் உண்மையிலேயே கூடுதல் விலை கிடைத்ததா?