கேலிக் மொழி: பள்ளி போதுமா, வீடு வேண்டாமா?

கடலோடி:
ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்று கேலிக். அந்த மொழி வழிக் கல்வி 1985-இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னெஸ்ஸிலும் தொடங்கியது. 2005-இல் கேலிக் மொழிச் சட்டம், 2008-இல் பிபிசி அல்பா என்ற கேலிக் தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆனாலும் 2020-இல் வெளியான ஆய்வு, இப்படியே போனால் பத்தாண்டுகளில், அதைப் பரம்பரையாகப் பேசிவரும் மேற்குக் கரைத் தீவுகளிலேயே கேலிக் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிடும் என்று எச்சரித்தது. வீட்டில் பிள்ளைகளிடம் அதில் பேச ஆளில்லை. இனிமேல் காசும் கவனமும் முதலில் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

நெய்தல்:
எந்த வீட்டுக்கு? கேலிக் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரிலேயே பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரியாது. அது அவர்கள் குற்றமா? 1872 கல்விச் சட்டத்தில் கேலிக்குக்கு இடமே இல்லை. பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். நம் பிள்ளைக்காவது இந்தப் பாடு வேண்டாம் என்று பிறகு வீட்டிலேயே ஆங்கிலத்துக்கு மாறினார்கள். பள்ளி பறித்ததைப் பள்ளிதான் திருப்பித் தர வேண்டும்.

கடலோடி:
நியாயம்தான். ஆனால் பள்ளி தந்தது நிலைத்ததா? தொடக்க வருடங்களில் கேலிக் வழியில் படித்து வளர்ந்தவர்களை ஸ்டூவர்ட் டன்மோர் என்ற மொழி ஆய்வாளர் ஆராய்ந்தார். அவர்களில் பெரும்பாலோர் இப்போது கேலிக்கை அரிதாகவே பேசுகிறார்கள். ஓரளவு பேசுகிறவர்களில் பலர் சின்ன வயதில் வீட்டிலும் அதைக் கேட்டவர்கள்.

கிளாஸ்கோக்காரி:
நான் இங்கேயே இருப்பதால் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மா மேற்கே உள்ள லூயிஸ் தீவுக்காரர். கேலிக் நன்றாகத் தெரியும், ஆனால் மகளிடம் பேசியதே இல்லை. பேரன் கேலிக் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் மகள் பெற்றோருக்கான வகுப்புக்குப் போனாள். சட்டை மாட்டு, கையைக் கழுவு, பூட்ஸ் எங்கே, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று பிள்ளையிடம் ஒரு நாளில் சொல்வதைத்தான் முதலில் கற்றாள். பையன் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வான், அவள் விடமாட்டாள். ஒருநாள் அவள் தப்பாகச் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பாட்டி திருத்தினார். அப்புறம் பாட்டியும் பேரனோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

நெய்தல்:
பாருங்கள், அந்த வீட்டிலும் கதவைத் தட்டியது பள்ளிதானே! மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2011-இல் ஸ்காட்லாந்தில் கேலிக் பேசத் தெரிந்தவர்கள் 57,000 சொச்சம். 2022-இல் 69,000-ஐத் தாண்டிவிட்டார்கள்.

கடலோடி:
அதே கணக்கெடுப்பில் மேற்குத் தீவுகளைப் பாருங்கள் அக்கா. பேசத் தெரிந்தவர்கள் 52 விழுக்காட்டிலிருந்து 45-க்கு இறங்கிவிட்டார்கள். பரம்பரையாகப் பேசிவந்த இடத்திலேயே பாதிக்குக் கீழே! நகரத்தில் கூடுகிறது என்று சந்தோஷப்படலாம், ஆனால் கூடியவர்களில் எத்தனை பேர் சாப்பாட்டு மேசையில் கேலிக்கில் சண்டை போடுகிறார்கள்?

நெய்தல்:
தீவில் ஏன் இறங்குகிறது? வேலை இல்லை. வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிவிடுகிறார்கள். குடியிருக்க வீடே கிடைக்காத இளம் தம்பதியிடம் போய் வீட்டில் கேலிக் பேசு என்பீர்களா?

கடலோடி:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். தீவில் வீடும் வேலையும் மொழிக் கொள்கைக்குள் வர வேண்டும். ஆனால் வீடு கட்டி முடியும்வரை பாட்டிகள் காத்திருக்க மாட்டார்கள். 1980-களில் கேலிக் பள்ளிகளுக்கு வழி திறந்ததே பெற்றோர் நடத்திய குழந்தைகள் விளையாட்டுக் குழுக்கள்தான். அங்கே இப்போது கேலிக் தெரிந்த முதியவர்களைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள், தாய் தகப்பனும் பிள்ளையோடு கூடவே இருக்கட்டும்.

நெய்தல்:
சம்பளம் கொடுத்து என்றால் என் ஓட்டு உண்டு. பள்ளிப் பணத்திலிருந்து எடுத்து என்றால் கிடையாது.