110-ல் சரியாக இருக்கிறது, 230-ல் மட்டும் கெப்பாசிட்டர் வோல்டேஜ் ஏறுமாறாக வருகிறது: உதவி தேவை

சாலிடர்பையன்:
வணக்கம். 110, 230 வோல்ட் ஏசி இரண்டிலும் ஓடும் பவர் சப்ளை ஒன்று செய்கிறேன். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் 200 வோல்ட், 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு சீரிஸில். நடுப்புள்ளி ஒரு சுவிட்ச் வழியாக ஏசி வயர் ஒன்றுக்குப் போகிறது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் 110 கொடுத்து சுவிட்சை மூடினால் இரண்டிலும் 154. சுவிட்சைத் திறந்து 230 கொடுத்தால் மேலே 207, கீழே 118. லோடு எதுவும் இல்லை. மேலே உள்ளது போய்விட்டதா?

பழைய மீட்டர்:
மேலே உள்ளதுதான் நல்லது, தம்பி! 110-ல் உங்கள் சர்க்யூட் டபுளர், அதாவது வோல்டேஜை இரட்டிப்பாக்குவது. ஒவ்வொரு அரைச்சுற்றும் ஒரு கெப்பாசிட்டரைத் தனியாக நிரப்புவதால் இரண்டும் சமம். 230-ல் வெறும் பிரிட்ஜ், மொத்தம் 325. அதை எப்படிப் பங்கு போடுவது என்பதை லீக்கேஜ்தான் (கெப்பாசிட்டருக்குள் கசியும் கரண்ட்) முடிவு செய்யும். அதிகம் லீக் ஆகிறவன் குறைவாக எடுப்பான், மிச்சம் மற்றவன் தலையில். இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். 207 கூடவே போனால் லீக்கேஜ்தான். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ரெசிஸ்டர் இருக்கிறதா?

சாலிடர்பையன்:
இல்லை அண்ணா. மாற்றிப் பார்த்தேன், 207 இப்போது கீழே.

பழைய மீட்டர்:
சரி, ஆளுக்கொரு 100 கிலோ ஓம் போடுங்கள். 163 வோல்ட்டில் கால் வாட்டுக்குச் சற்று மேல் எரியும், அதனால் 1 வாட் ரெசிஸ்டர். ஆஃப் செய்த பிறகு சார்ஜ் இறக்கவும் அதுவே உதவும். ஆனாலும் நாலைந்து நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஃபியூஸ்போன சாமி:
எனக்கு அந்த சுவிட்சே பிடிக்கவில்லை. 110-ல் விட்டுவிட்டு 230-ல் செருகினால் மொத்தம் 650 வோல்ட், ஆளுக்கு 325. 200 வோல்ட் கெப்பாசிட்டர் வெடிக்கும். எத்தனை வாட்?

சாலிடர்பையன்:
60 வாட். ஆட்டோமேட்டிக்காக மாறும்படி ரிலே வைக்கலாமா?

ஃபியூஸ்போன சாமி:
வேண்டாம். நம் கிராமத்து லோ வோல்டேஜில் 140 வந்தால், ‘இது 110 ஊர்’ என்று ரிலே டபுளருக்குப் போகும். வோல்டேஜை இழுத்துக்கொண்டிருந்த பம்ப் மோட்டார் நின்று 230 திரும்பினால் கதை முடிந்தது. 60 வாட்டுக்கு டபுளரே தேவையில்லை. 90 முதல் 265 வோல்ட் ஏசி வரை தாங்கும் ஃப்ளைபேக் (டிசியை வேகமாக ஆன்-ஆஃப் செய்து சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மாற்றும் சப்ளை) போதும். டிசி 127 முதல் 375 வரை ஆடும். 400 வோல்ட்டில் ஒரே கெப்பாசிட்டர், வாட்டுக்கு 2 முதல் 3 மைக்ரோஃபாரட் கணக்கில் 150. 75 வாட்டைத் தாண்டி வெளிநாட்டில் விற்பதாக இருந்தால்தான் பிஎஃப்சி (பவர் ஃபேக்டர் திருத்தம்) பேச்சு.

சாலிடர்பையன்:
ரெசிஸ்டர் போட்டாயிற்று: 166, 159. இந்த போர்டை 230-க்கு மட்டும் வைத்துக்கொண்டு, சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டேன். அடுத்தது ஃப்ளைபேக். டிரான்ஸ்ஃபார்மர் சுற்று எண்ணிக்கையைக் குறைந்தபட்ச 127-க்குக் கணக்கிடுவதா, 325-க்கா?

ஃபியூஸ்போன சாமி:
127-க்கும் கீழே. லோடில் ரிப்பிள் (டிசியின் ஏற்ற இறக்கம்) பள்ளம் விழும், டிசி 90 என்று வையுங்கள். ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட்டின் வோல்டேஜ் தாங்கலை மட்டும் 375-ஐ வைத்துப் பாருங்கள்.