11 கேவி பாதையின் கடைக்கோடியில் மின்னழுத்தம்: நிரந்தர மின்தேக்கியா, தேவைக்கு இணையும் மின்தேக்கியா?

அலையோரம்:
வணக்கம். குளச்சலை ஒட்டிய ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். எங்களுக்கு வரும் 11 கேவி (கிலோவோல்ட்) மின்பாதை துணை மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுடையது. கம்ப்ரசர்கள் அனைத்தும் ஓடும் மாலையில் கடைக்கோடியில் 10.4 கேவி மட்டுமே கிடைக்கிறது. ஆனால் ஜூன், ஜூலை மாதங்களின் மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் உற்பத்தி குறைந்துவிடுவதால், நள்ளிரவில் அதே இடத்தில் 11.2 கேவியைத் தாண்டுகிறது. மின்னழுத்தத்தைத் தூக்கிவிட 600 கிலோவார் (மோட்டார்களின் காந்தப்புலத்துக்கு வேண்டிய மறுவினைத் திறனின் அலகு) மின்தேக்கித் தொகுதி ஒன்றைப் பாதையில் நிரந்தரமாக இணைக்கலாம் என்கிறார்கள். இது சரிதானா?

குமரிக்கம்பம்:
நிரந்தரமாக வேண்டாம், ஐயா. கிலோவாரை, தொகுதி வரையுள்ள பாதையின் தூண்டல் மறுப்பால் (மாறுதிசை மின்னோட்டத்துக்குக் கம்பியின் காந்தப்புலம் தரும் எதிர்ப்பு, ஓமில்) பெருக்கிக் கேவியால் வகுத்தால், உயரும் வோல்ட் கிடைத்துவிடும். கிலோமீட்டருக்கு 0.35 ஓம் என்று கொண்டால், 12 கிலோமீட்டருக்கு 4.2 ஓம்; கடைக்கோடியில் 600 × 4.2 ÷ 11, அதாவது ஏறத்தாழ 230 வோல்ட் உயரும். மாலையில் இது வரவேற்கத்தக்கது. தடைக்கால நள்ளிரவிலோ 11.4 கேவிக்கு மேல் போய்விடும். மேலும், தொகுதியைப் பாதையின் நடுவில் வைத்தால் உயர்வு பாதியாகும். அதற்கு அப்பால் உள்ளவர்களுக்கும் அந்தப் பாதிதான் கிடைக்கும். உங்கள் பாதையில் பெரிய மோட்டார்கள் கடைசியில்தான் இருக்கின்றன என்பதால், அவற்றின் அருகிலேயே வைப்பது நல்லது.

அதனால் தேவைக்கு மட்டும் இணையும் வகையே நல்லது. வெற்றிட சுவிட்சுடன் (வெற்றிடக் குடுவைக்குள் தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்சு) மின்னழுத்தத்தைப் பார்த்து இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியை அமைக்கும்போது, இணையும் அளவுக்கும் விலகும் அளவுக்கும் உள்ள இடைவெளி அந்த 230 வோல்ட்டைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். 10.6 கேவியில் இணைந்து 11.1 கேவியில் விலகுமாறு வைக்கலாம். இடைவெளியைச் சுருக்கினால், இணைந்தவுடனேயே விலகும், விலகியவுடனேயே இணையும். சுவிட்சு சீக்கிரம் பாழாகிவிடும். விலகிய தொகுதியில் தேங்கிய மின்னூட்டம் வடியும்வரை, ஐந்து நிமிடமாவது, மீண்டும் இணைக்கவிடாத நேரத்தடையும் தேவை.

மூன்றாம்கட்டம்:
மேலே சொன்னது சரி; ஆனால் மின்தேக்கியிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம். பாதையில் வீசல் (Weasel எனும் மெல்லிய அலுமினிய வகை) கம்பி ஓடுகிறது என்றால் கிலோமீட்டருக்கு மின்தடையே ஏறத்தாழ 0.9 ஓம். உண்மையில் வேலை செய்யும் மின்னோட்டப் பகுதி அதில் உண்டாக்கும் வீழ்ச்சியை மின்தேக்கி தீர்க்காது. கம்பியை மாற்றினால்தான் தீரும். அதோடு, மின்தேக்கி தரும் கிலோவார் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 10.4 கேவியில் உங்கள் 600-இல் ஏறத்தாழ 536 மட்டுமே கிடைக்கும். மிகவும் வேண்டிய வேளையில்தான் கை சுருங்குகிறது என்பது இந்தச் சாதனத்தின் வேடிக்கை. கடலோரத்தில் இன்சுலேட்டர்களில் உப்புப் படியும் என்பதால், நீண்ட ஊர்தூரம் (இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசியக் கடக்க வேண்டிய நீளம்) கொண்ட வகையையே கேட்டு வாங்குங்கள்.

அலையோரம்:
நன்றி. கடைசி நான்கு கிலோமீட்டரில் வீசல் கம்பிதான் ஓடுகிறது, மற்றது அதைவிடத் தடித்த ராபிட் (Rabbit) கம்பி. முதலில் மாலை நேரத்துப் பவர் பேக்டரை (மொத்தத் திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) அளந்துகொண்டு, அதன் பிறகு கிலோவாரை முடிவு செய்யச் சொல்கிறேன்.