ஐப்பசி மழையில் அம்மிச்சிக்குக் கடல் காட்டுவது: கிழக்கா, மேற்கா, வீட்டிலேயே இருப்பதா?

திருப்பூர் பனியன்காரன்

தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடுகிறது. வருஷத்தில் எனக்குச் சேர்ந்தாற்போல் கிடைக்கும் லீவு இது ஒன்றுதான். எங்க அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவோட அம்மாவுக்கு, 76 வயது. ஆழியாறு பாசனத்தில் தென்னையும் நெல்லும் பார்த்தே காலம் போய்விட்டது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை. பழனிக்கு நடந்தே போய் வந்த கால்கள், கடல் தண்ணியில் ஒரு தடவையும் நனையவில்லை. போன மாதம் டிவியில் அலையைப் பார்த்துவிட்டு, "இது எந்நேரமும் இப்படியேதான் வந்துட்டு இருக்குமா கண்ணு?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அம்மிச்சி, அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர், பையன். ஆறு பேர், ஏழு சீட்டு வண்டி, மூன்று நாள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று நான் போட்டு வைத்தேன். வீட்டில், "ஐப்பசியில் யாராவது அந்தப் பக்கம் போவாங்களா?" என்கிறாள். போகலாமா, வேண்டாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்க.

நொய்யல் கரை

வேண்டாம் தம்பி. வீட்டில் சொல்வதைக் கேளுங்க.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. 2018-இல் தீபாவளி நவம்பர் 6. பத்தே நாளில், 16-ஆம் தேதி விடிகாலை, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. நீங்கள் போட்டு வைத்திருக்கும் அதே ஊர்கள். 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல், இரண்டும் நவம்பர் கடைசியில் புதுச்சேரிப் பக்கம். வங்கக் கடல் கொதிக்கிற மாதத்தில் வயசானவரைக் கூட்டிக்கொண்டு அதன் வாசலில் போய் நிற்பானேன்? தை பிறக்கட்டும். பொங்கல் லீவில் போங்க.

காங்கேயம் காளை

பொங்கலுக்கு நாலு நாள்தான் லீவு அண்ணா, அதில் மாட்டுப் பொங்கலை விட்டுவிட்டு எங்க ஊரில் எவன் வண்டி எடுப்பான்?

அப்புறம், புயல் என்ன சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளியா? காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போதே சொல்லிவிடுகிறார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். கஜா வருவது நாலைந்து நாள் முன்னாடியே தெரியும். கூண்டு ஏறினால் போகாதே, ஏறாவிட்டால் போ. இதற்கு மாதத்தையே தள்ளி வைப்பதா?

நான் மூன்று வருஷம் முன்னாடி கார்த்திகையில் தரங்கம்பாடி போனேன். 1620-இல் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை. மதில் ஓரமாக நாங்கள் நாலு பேரும் ஒரு நாயும் மட்டும். கடல் நீலமாகவே இல்லை, நம்ம செம்மண் குட்டை கலங்கினால் வருமே, அந்த நிறம். தூறலில் டீக்கடைத் தார்ப்பாய் படபடவென்று அடிக்க, கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு குடித்தோம். மே மாதம் போனவனுக்கு அது கிடைக்காது. மழையே பார்க்காமல் காய்கிற மண்ணில் இருந்துகொண்டு மழையைப் பார்த்து ஓடுவதா?

நொய்யல் கரை

தம்பி, டீ நல்லாத்தான் இருந்திருக்கும். நான் வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர். மழைக்காலத்தில் நான் பார்ப்பது டீ குடித்துவிட்டுத் திரும்பாதவர்களின் வண்டிகளை.

கூண்டு புயலையும் காற்றையும் பார்த்துத்தான் ஏறும், மழையைப் பார்த்து ஏறாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்தது புயல் மழையா? புயலே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. நம்ம கோயம்புத்தூருக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதை விட அதிகம். திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணிக்கு நடுவே நின்றுபோய், ஏறக்குறைய 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். மழை வரும் என்று முன்னாடியே சொன்னார்கள்தான். அவ்வளவு வரும் என்று எவரும் நினைக்கவில்லை. ரயிலே நின்ற இடத்தில் உங்க ஏழு சீட்டு வண்டி என்ன செய்யும்?

தாராபுரம் டிரைவர்

இரண்டு பேரும் ஒரே கடலை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். நமக்கு இரண்டு கடல் இருக்குதுங்க.

22 வருஷமாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். திருப்பூரில் இருந்து நாகப்பட்டினம் 300 கிலோமீட்டருக்கு மேல். கரூர், திருச்சி, தஞ்சாவூர் தாண்டிப் போக வேண்டும், அதில் தஞ்சாவூருக்குக் கிழக்கே நல்ல மழை பிடித்தால் ரோடு எது, வயல் எது என்றே தெரியாது. மேற்கே கேரளக் கடற்கரையில் பொன்னானி 200-க்குள்தான். பெரியவரை உட்கார வைத்து ஓட்டுகிறவனுக்கு இந்த நூறு கிலோமீட்டர் பெரிய விஷயம். அம்மிச்சி எத்தனை தடவை இறங்கி நடக்கணும் என்று கணக்குப் போட்டீர்களா?

ஐப்பசியில் கேரளாவிலும் மழை உண்டு. துலாவர்ஷம் என்பார்கள். ஆனால் அது நேரம் பார்த்து வரும். காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மலைப்பக்கம் கருக்கும், இடி இடிக்கும், சாயங்காலம் கொட்டும், ராத்திரி விட்டுவிடும். எப்போதாவது தப்பும், பெரும்பாலும் இப்படித்தான். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது, ஒன்பதரைக்குள் கடலில் கால் வைக்கலாம். ஒரு மணிக்கு ரூமுக்குத் திரும்பிவிட வேண்டும். கிழக்கில் இந்தக் கணக்கு நடக்காது. அங்கே ராத்திரியிலும் கொட்டும், விடிகாலையிலும் கொட்டும்.

காங்கேயம் காளை

சூரியன் உதிக்கிற கடலை விட்டுவிட்டு மறைகிற கடலுக்கா? முதல் தடவை பார்க்கிறவருக்கு உதயத்தைக் காட்டுங்க.

ஆனைமலை அக்கா

ஐப்பசியில் கிழக்குக் கடற்கரையில் உதயம் பார்த்தவர் கை தூக்குங்க பார்க்கலாம். மேகம்தான் உதிக்கும்.

நான் பொன்னானிக் கட்சி. காரணம் வேறே. தம்பி, அம்மிச்சி ஆழியாறு பாசனம் என்று சொன்னீங்க இல்லையா? ஆழியாறு எங்கே போய்ச் சேருது தெரியுமா? நம்ம பக்கம் நொய்யல், பவானி, அமராவதி எல்லாம் காவிரியில் விழுந்து கிழக்கே பூம்புகாருக்குப் போகுது. ஆழியாறு மட்டும் அவங்களோட சேராமல் மேற்கே திரும்பிடும். சித்தூர்ப் புழை, அப்புறம் பாரதப்புழை, கடைசியில் பொன்னானி அழிமுகம், ஆறு கடலில் சேருகிற இடம். அம்மிச்சி நெல்லுக்குப் பாய்ச்சி மிச்சம் விட்ட தண்ணி இத்தனை வருஷமாகப் போய்ச் சேர்ந்த இடம் அது. நாகப்பட்டினத்தில் அவங்களுக்கு என்ன சொந்தம்?

பாலக்காட்டில் இருந்து ஒற்றப்பாலம், பட்டாம்பி, எடப்பாள் வழியாகப் போங்க. நிறைய தூரத்துக்கு அந்த ஆறு கூடவே வரும்.

இன்னொன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கடலுக்குப் போவது நமக்குப் புதுசும் இல்லை. கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் ராசகேசரிப் பெருவழி என்று சோழர் காலக் கல்வெட்டே இருக்கு. சங்க காலத்தில் கொடுமணலில் மணி கோத்தவனும் இந்தக் கணவாயைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்.

நொய்யல் கரை

அக்கா, கல்வெட்டு நனையாது. நாம் நனைவோம். அதே பட்டாம்பியில் 2024 ஜூலைக் கடைசியில் பாலத்துக்கு மேலே தண்ணி ஓடி, போக்குவரத்தை நிறுத்தினார்களே, மறந்துபோச்சா? வயநாட்டில் மலை சரிந்த அதே சமயம்.

தாராபுரம் டிரைவர்

அண்ணா, அது ஆடி. தென்மேற்குப் பருவமழை. தம்பி போவது ஐப்பசியில். ஆடியில் கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது அரபிக்கடலில் கால் நனைப்பதே தப்பு, அலை ஆளைச் சுருட்டிக்கொண்டு போகும். மீனும் அவ்வளவாகக் கிடைக்காது, கேரளாவில் ஜூலை 31 வரை டிராலிங் தடை. அந்த மாதத்தில் கடல் பார்க்கணும் என்றால் கிழக்கே ராமேஸ்வரம் பக்கம் போகலாம், காற்று ஆளைத் தள்ளும், மழை இருக்காது. காற்று திரும்பினால் கடலும் மாறிவிடும். ராமேஸ்வரத்திலேயே பாருங்க, வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே மன்னார் பக்கம் ஆண்கடல் என்பார்கள். தென்காற்றில் ஆண்கடல் ஆடும், பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்தால் பெண்கடல் ஆடும், ஆண்கடல் அடங்கும். ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்தில். அதனால் "மழைக்காலத்தில் போகலாமா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லைங்க. எந்த மழை, எந்தக் கரை என்று கேட்க வேண்டும்.

நொய்யல் கரை

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆடியையும் ஐப்பசியையும் கலந்துவிட்டேன்.

ஆனால் துலாவர்ஷம் என்றால் இடி. வெறும் கடற்கரையில் நிற்கிறவன்தான் அங்கே உயரமான மரம். தூரத்தில் ஒரு உறுமல் கேட்டாலும் எல்லாரையும் வண்டிக்குள் ஏற்றிவிட வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று பையன் கெஞ்சுவான், கேட்கக் கூடாது.

வண்டிக்கு வருகிறேன். டயர் எத்தனை வருஷம் ஆச்சு? பட்டை 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது, மழைக்கு அதற்கு முன்னாடியே மாற்றிவிடுவது நல்லது. பட்டையில் காடி இல்லாவிட்டால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணி புகுந்து வண்டி மிதக்கும். ஸ்டியரிங் லேசாகிற மாதிரி இருந்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுங்க. தண்ணிக்குள் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி சாவி போடவே போடாதீங்க. நூற்றில் தொண்ணூறு பேர் அங்கேதான் கெடுக்கிறார்கள். உள்ளே தண்ணி போயிருந்தால் ஸ்டார்ட் பண்ணும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் அதற்குப் பெரும்பாலும் பணம் வராது, இன்ஜினுக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். பாலிசியை எடுத்து ஒரு தடவை படியுங்க.

காங்கேயம் காளை

அண்ணா, நீங்கள் பார்த்த வண்டிகளில் கடலோரத்தில் மூழ்கினது எத்தனை?

நொய்யல் கரை

உண்மையைச் சொன்னால், நான் பார்த்ததில் அதிகம் கோயம்புத்தூரிலேயே, ரயில்வே பாலத்துக்கு அடியில். லங்கா கார்னர் ஒன்று போதும். ஒருத்தர் குடும்பத்தோடு கொச்சி போய்ப் பத்திரமாகத் திரும்பி, வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாடி பாலத்தடியில் வண்டியை விட்டார். முன்னாடி பஸ் போச்சே என்று பின்னாடியே போயிருக்கிறார்.

காங்கேயம் காளை

அப்போ ஊரில் இருப்பதுதான் ஆபத்து!

ஆனைமலை அக்கா

ஒரு சின்ன விஷயம், இதை எந்த ஆம்பளையும் சொல்ல மாட்டீங்க. ஏசி. வெளியே மழை, உள்ளே ஆறு பேர் மூச்சு, கண்ணாடி பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். ஏசி போட்டால் தெளியும். ஆனால் அம்மிச்சி, "குளுருது, அதை நிறுத்து" என்பாங்க. நிறுத்தினால் முன்னாடி ஒன்றும் தெரியாது. எங்க மாமியாரோட குருவாயூர் போனபோது பாலக்காடு தாண்டி இந்தச் சண்டைதான். நான் துண்டால் துடைக்கத் துடைக்க, எதிரே வருகிற லைட்டெல்லாம் கோடு கோடாக இழுத்துச்சு. கடைசியில் என் கம்பளியை அத்தை கழுத்து வரைக்கும் போர்த்தி, காலுக்கு என் வீட்டுக்காரர் சாக்ஸ். கம்பளி எடுத்து வையுங்க. சாக்ஸும்.

திருப்பூர் பனியன்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. சாக்ஸ் எங்க கம்பெனியில் இல்லை, பனியன் வேண்டுமானால் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன்.

நேற்று ராத்திரி அம்மிச்சியிடம் இரண்டு ஊரையும் சொன்னேன். நாகப்பட்டினம், கோட்டை, மாதா கோயில் எல்லாம் சொல்லும்போது சும்மா தலையாட்டினார். ஆழியாற்றுத் தண்ணி பொன்னானியில் கடலில் சேருது என்றதும் வெற்றிலை மடிக்கிறதை நிறுத்திவிட்டார். "நம்ம மதகுத் தண்ணியா?" என்றார். ஆமாங்க அம்மிச்சி என்றேன். "அத்தனை தூரம் போயி உப்பாயிருதா" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்தக் கிழமை என்று கேட்டார்.

பொன்னானிதான். விடிகாலை நாலு மணி. மலப்புறம், பாலக்காடு இரண்டில் எதற்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலும் போகவில்லை, பழனிக்கு மட்டும் போய்த் திரும்பிவிடுவோம் என்று வீட்டில் சத்தியம் வாங்கிவிட்டாள். ரூமையும் கடைசி நாள் வரை ரத்து செய்கிற மாதிரிதான் போட்டிருக்கிறேன்.

காங்கேயம் காளை

அடுத்த வருஷம் தரங்கம்பாடி. இப்பவே சொல்லி வைக்கிறேன்.

நொய்யல் கரை

தையில் என்றால் நானும் வருகிறேன். தம்பி, டயர் கேட்டேனே, பதிலே சொல்லவில்லை?

திருப்பூர் பனியன்காரன்

முன்னாடி இரண்டும் பரவாயில்லைங்கண்ணா.

நொய்யல் கரை

பின்னாடி?

திருப்பூர் பனியன்காரன்

திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன்.