நடிப்பு நல்லாருக்கா, டப்பிங் நல்லாருக்கா? நாலு படம், ரெண்டு மூணு சந்தேகம்

பெருந்துறை ரசிகன்:

வணக்கமுங்க. வாரத்துக்கு ஒரு படம் பாக்கற சாதா ஆளு நான். கடைசியாப் பாத்த நாலுக்கும் என்ற கணிப்ப வெக்கறேன், ஒத்து வரலீன்னா சொல்லுங்க.

குடும்பஸ்தன் (2025): கடன் மேல கடன் வாங்கிட்டு மணிகண்டன் முழிக்கற முழி அசல் நம்மூருப் பையன். மச்சானா வர்ற குரு சோமசுந்தரம் அவரையும் தாண்டிட்டார்.

மெய்யழகன் (2024): படம் பூரா பேசறது கார்த்தி. மனசுல நிக்கறது அரவிந்த்சாமி. ஏன்னு புடிபடல.

மகாராஜா (2024): கதை சொன்ன விதம் பிரமாதம். விஜய் சேதுபதி பாதிப் படத்துக்கு மேல ஒரே மூஞ்சியா இருக்கார், அத எப்படிங்க நடிப்புன்னு சொல்றது?

கொட்டுக்காளி (2024): டிவியில பாத்தேன். பாதி வசனம் காதுலயே உழுகல. அன்னா பென் வாயத் தொறக்கறதே இல்ல, ஆனா எல்லாரும் அவிய நடிப்பத்தான் புகழறாங்க.

கேள்வி இதுதானுங்க: நடிகர் பண்ணுனது எது, டப்பிங்கும் எடிட்டிங்கும் இசையும் சேந்து பண்ணுனது எதுன்னு நம்மள மாதிரி ஆளு எப்படிப் பிரிச்சுப் பாக்கறது? இன்னொன்னு, சினிமாவுல வர்ற கொங்குத் தமிழு முக்காவாசி மிமிக்ரி மாதிரியே இருக்குதே, ஏனுங்க?

ஒலிமேசை:

அரவிந்த்சாமி ஏன் நிற்கிறார்ங்கிறதுல பாதி விடை இருக்கு. எதிரே உட்கார்ந்து அன்பைக் கொட்டுறவன் யாருன்னு அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாது, பேர் கூட ஞாபகம் இல்ல, அதை வெளிக்காட்டவும் முடியாது. ஆக ஒவ்வொரு வசனத்தையும் கேட்கும்போது பிரியத்தை வாங்கிக்கவும் வேணும், பேச்சுல எங்கயாவது துப்பு கிடைக்குமான்னு துழாவவும் வேணும். பேசுறவருக்கு வசனம் கைகொடுக்கும். கேட்கிறவருக்கு முகத்தைத் தவிர ஒண்ணும் கிடையாது.

அதனால ரெண்டு நிமிஷப் பேச்சுக் காட்சி ஒண்ணை எடுத்துக்கிட்டு, பேசாத ஆளை மட்டும் பாருங்க. வசனத்துல முக்கியமான சொல் விழுற இடத்திலேயே முகம் மாறுதா, இல்ல வசனம் முழுசா முடிஞ்ச பிறகு மாறுதா? முடிஞ்ச பிறகுன்னா அவர் கேட்கல, தன் முறைக்குக் காத்திருக்கார். நம்ம படப்பிடிப்புல உதவி இயக்குநர் ஓரமா நின்னு ப்ராம்ப்ட் பண்றது, அதாவது வசனத்தை எடுத்துக் கொடுக்கிறது, பழக்கம். அதை நம்பி நடிக்கிறவங்களுக்கு ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி அரை நொடி இடைவெளி விழும், கண் லேசா பக்கவாட்டுல போய் வரும். ஒருதடவை கவனிச்சிட்டீங்கன்னா அப்புறம் கண்ணை உறுத்திக்கிட்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல இருக்கிற ஷாட்டுக்குத்தான் செல்லும். தனித்தனி குளோசப்பா வெட்டியிருந்தா, நீங்க பார்க்கிற ரியாக்‌ஷன் வேற டேக்கிலிருந்து எடிட்டர் எடுத்து ஒட்டினதா இருக்கலாம். அங்க பாராட்டு யாருக்குன்னு வெளியில இருந்து சொல்லவே முடியாது.

அடுத்தது குரல். தமிழ்ல பெரும்பாலும் படப்பிடிப்பு முடிஞ்சுதான் டப்பிங். ஸ்பாட்ல ஜெனரேட்டர் சத்தம், கூட்டம், கேமரா ஓடும்போதே இயக்குநர் குரல் கொடுக்கிறது, வேற மொழி நடிகர்கள்னு பல காரணம். டப்பிங் கெட்டிருக்கான்னு பார்க்க மூணு இடம் இருக்கு.

உதடு: ப, ம சொல்லும்போது ரெண்டு உதடும் மூடியே ஆகணும். வ-வுக்குக் கீழுதடு பல்லைத் தொடணும். இந்த மூணு எழுத்துல பொருந்தலன்னா வசனத்தைப் பிறகு மாத்தியிருக்காங்க, இல்லன்னா நடிகர் வேற மொழியில வாயசைச்சிருக்கார்.

தூரம்: டப்பிங் அறையில வாய்க்கும் மைக்குக்கும் இடையில ஒரு அடி, ஒன்றரை அடிதான். வயக்காட்டுல நாப்பதடி தள்ளி நிற்கிறவர் குரல் காதோரம் கேட்டா, எல்லாச் சத்தத்தையும் கலக்கிற மிக்ஸிங்ல அந்தத் தூரத்தைக் கொண்டுவரலைன்னு அர்த்தம். பார்க்கிறவங்க அதை 'நடிப்பு ஒட்டல'ன்னு சொல்லிடுறாங்க.

அழுகை: நிஜமா அழுதா மூக்கு அடைக்கும், 'ம'வும் 'ந'வும் மழுங்கிப் போகும். திரையில மூக்கு ஒழுகுது, குரல் மட்டும் பளிச்சுன்னு இருந்தா, ரெண்டும் வேற வேற நாள்ல நடந்த வேலை.

கொட்டுக்காளியை இப்ப வச்சுப் பாருங்க. அது டப்பிங் இல்லாம ஸ்பாட்லயே குரலைப் பதிவு பண்ணின, லைவ் சவுண்ட் படம், பின்னணி இசையே கிடையாது. சூரியோட அந்தத் தொண்டை கட்டின குரலுக்கும் சரி, அன்னா பென்னோட மௌனத்துக்கும் சரி, முட்டுக் கொடுக்க வயலின் வராது. பேசாத பாத்திரத்தை இசை இல்லாம அவ்வளவு நேரம் தாங்கிப் பிடிக்கிறது நாலு பக்க வசனத்தைவிடக் கஷ்டம். புகழ்றது நியாயம்தான்.

நோம்பிக்கூத்து:

கொங்குத் தமிழுக்கு வர்றனுங்க.

சினிமாக்காரங்க பண்ற முதல் தப்பு அந்த 'ங்கோ'. 'ஏனுங்கோ, வாங்கோ'ன்னு கடைசியில ஓகாரத்த இழுத்து உடறாங்க. கோபியிலயோ பல்லடத்துலயோ காதக் குடுத்துக் கேட்டீங்கன்னா கடைசில உயிரெழுத்தே பாதிதான் இருக்கும்: 'ஏனுங்', 'சரீங்', 'இல்லீங்'. மூக்குலயே முடிஞ்சு போகும். அத இழுத்தா உடனே நாடகம் ஆயிருது.

ரெண்டாவது, வார்த்தையத் தூவி உட்டாப் போதும்னு நெனைக்கறது. பொடக்காளி, ஒறம்பரை, நோம்பி, அப்புச்சி, அம்மிணின்னு ஒரே காட்சியில அஞ்சு சொல்லு வந்தா அது எழுதுனவரோட பட்டியல். மெட்ராசு ராகத்துல 'பொடக்காளி'ன்னா ஒட்டுமாங்க? ராகம் சரியா இருந்துச்சுன்னா ஒரு வட்டாரச் சொல்லு கூட இல்லாமயே ஊரு தெரிஞ்சுரும்.

மூணாவதுதான் நடிகருக்கு நெசமான பரீட்சை: கோவம். நம்ம பக்கம் சண்டையிலயும் மருவாதி போகாது. 'ஏனுங்க, நீங்க பண்றது நாயமாங்க?'ன்னு கேக்கறப்ப அந்த 'ங்க' மேலதான் சூடே இருக்கும். பயிற்சி பத்தாத நடிகருக்குக் கோவம் வந்ததும் 'ங்க' மொதல்ல கழண்டு உழுந்துரும், அவரோட சொந்த ஊரு எட்டிப் பாக்கும். அதனால எந்தப் படமானாலும் சண்டைக் காட்சியில வட்டார வழக்கு நிக்குதான்னு பாருங்க.

குசும்பும் அப்படித்தான். மொகத்துல ஒண்ணுமே காட்டாம, குரல ஒசத்தாம, மருவாதியாச் சொல்லிட்டுப் போயிரோணும். சொல்றவரு சிரிச்சுட்டார்னா அது வெறும் ஜோக்கு. குடும்பஸ்தன்ல அந்த மச்சான் உங்களுக்குப் புடிச்சதுக்குக் காரணம் இதுதான்னு நெனைக்கறேன். அடுத்தவன மட்டந்தட்டறதக்கூட என்னமோ உபகாரம் பண்றாப்புல பண்ணுவார். இயக்குநர் ராஜேஷ்வர் காளிசாமி யூடியூப்ல காமெடி வீடியோ போடற நக்கலைட்ஸ் கூட்டத்துல இருந்து வந்தவரு, அந்தத் தாளம் அவிய வீடியோவுலயே பழகுனதுதான்.

ஒண்ணு சேத்திக்கறேன். எல்லாப் பாத்திரமும் ஒரே கனத்துல கொங்கு பேசுனாலும் பொய்யி. கோயமுத்தூரு டவுனுல தெலுங்கு, கன்னடம், மலையாளம் வீட்டுல பேசறவங்க எத்தனை பேரு! படிச்சு ஆபீசு போற பையன்கிட்ட லேசாவும், அவங்க அப்பன்கிட்ட கெட்டியாவும் இருக்கறதுதான் சரி.

திரைக்கதைப் பைத்தியம்:

மகாராஜாவுக்கு மட்டும். கதையைச் சொல்லாமச் சொல்றேன். 'லட்சுமி'ன்னு பேர் வச்ச குப்பைத்தொட்டியைக் காணோம்னு போலீஸ் ஸ்டேஷன்ல விஜய் சேதுபதி திரும்பத் திரும்ப அதே புகாரைச் சொல்வாரே, அதை இன்னொரு தடவை பாருங்க. அதே ஏற்ற இறக்கம், அதே கை அசைவு. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மனுஷனை அவர் நடிக்கிறார். ஏன் ஒப்பிக்கிறான்ங்கிறது கடைசியிலதான் தெரியும். முன்னும் பின்னுமா வெட்டித் தைச்ச திரைக்கதையில முகம் முன்கூட்டியே ஏதாவது சொல்லிட்டா முடிச்சே அவிழ்ந்துடும். உங்க 'ஒரே மூஞ்சி' புகாரைக் கிளைமாக்ஸுக்கு அப்புறம் வாபஸ் வாங்கிடலாம்.

பெருந்துறை ரசிகன்:

ஸ்டேஷன் சீன் இப்ப மறுக்காப் பாத்தனுங்க, வாபஸ்தான். 'ங்கோ' விசயமும் அப்படியே ஒத்துக்கறேன். டிவி சத்தத்துக்கு யாராச்சும் வழி சொல்லுங்க. வசனத்துக்குக் கூட்டி வெச்சா வண்டிச் சத்தம் வீட்டையே தூக்குது.

ஒலிமேசை:

ஓடிடியில பெரும்பாலும் 5.1-ங்கிற ஆறு சேனல் ட்ராக்தான் தானா ஓடும். அதுல வசனம் நடு ஸ்பீக்கருக்குன்னு தனியா இருக்கும். உங்க டிவியில ரெண்டே ஸ்பீக்கர். ஆறு சேனலையும் அதுக்குள்ள அமுக்கும்போது வசனம் மத்த சத்தத்தோட போய்க் கலந்துடும். முதல் வேலை: ஆடியோ பட்டியல்ல '5.1'னு போடாத தமிழ் ட்ராக் இருந்தா அதுக்கு மாறுங்க. இல்லன்னா டிவி செட்டிங்ஸ்ல ஒலி வெளியீட்டை ஸ்டீரியோ அல்லது பிசிஎம்-னு வைங்க.

டிவி ஆடியோ செட்டிங்ஸ்ல நைட் மோட் போட்டா பெரிய சத்தம் அடங்கி சின்னது மேல வரும். மசாலாப் படத்துக்கு அது போதும். கொட்டுக்காளிக்குப் போடாதீங்க, காத்தும் ஆட்டோ இரைச்சலும் வசனத்தோட சேர்ந்து மேல வந்துடும். அந்தப் படத்துக்கு ஹெட்போன் ஒண்ணுதான் மருந்து.

இன்னொரு வில்லன் மோஷன் ஸ்மூத்திங். நொடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த படத்துக்கு நடுவுல டிவியே ஃப்ரேம் உண்டாக்கிச் சொருகும். நல்ல நடிப்பும் சீரியல் மாதிரி தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பேர் வச்சிருக்கும். பிக்சர் செட்டிங்ஸ்ல தேடி நிறுத்துங்க, ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அதையே போட்டுடுங்க.

வசனம் கேட்காத தொல்லை தியேட்டர்லயும் உண்டு. டால்பி ப்ராசஸர்ல ஃபேடரை, அதாவது சத்தம் கூட்டிக் குறைக்கிற அளவை, 7-ல வச்சுத்தான் படத்தை மிக்ஸ் பண்றாங்க. சத்தம் அதிகம்னு யாராவது புகார் சொன்னா ஆபரேட்டர் 5-க்கு இறக்கிடுவார். அப்ப அடிதடி நல்லாவே கேட்கும், முணுமுணுப்புதான் முதல்ல காணாமப் போகும். திரையிலிருந்து மூணுல ரெண்டு பங்கு தள்ளி, நடுவுல சீட் எடுங்க. அப்பவும் வசனம் தேயுதுன்னா இடைவேளையில ஆபரேட்டர்கிட்ட 'ஃபேடர் எவ்வளவுல இருக்கு'ன்னு கேளுங்க. விஷயம் தெரிஞ்சவர்னு அரைப் புள்ளியாவது ஏத்துவார்.

வாய்க்கால் மேடு:

மெய்யழகன்ல ஒரு சங்கதிய உட்டுட்டீங்க. ரிலீசுக்கு அப்பறம் கிட்டத்தட்ட 18 நிமிசம் வெட்டுனாங்க. கேக்கற நடிப்பத்தான் எல்லாரும் புகழறீங்க, நீளம்னு வெட்டும்போது மொதல்ல கத்திரிக்கு மாட்டறதும் அந்த மாதிரி சும்மா உக்காந்திருக்கற நேரந்தான். எந்த வடிவம் பாத்தோம்னு தெரிஞ்சுக்கிட்டு எடை போடுங்க.

கொங்குப் பேச்சு நாடகமில்லாமக் கேக்கோணும்னா சேத்துமான் (2022) பாருங்க. பெருமாள்முருகன் கதை, வசனமும் அவரே. சோனி லிவ்ல நேரடியா வந்துச்சு. சப்டைட்டில நிறுத்திப் போட்டுப் பாருங்க. எழுத்து ஓடுச்சுன்னா கண்ணு அங்கயே போயிரும், ராகம் காதுல ஏறாது. பண்ணயக்காரரு பேச்சும் கூடை பின்னற பூச்சியப்பன் பேச்சும் எங்க பிரியுது, யாரு யாருக்கு 'ங்க' போடறாங்க, யாரு போடறதில்லைன்னு மட்டும் கவனிச்சுட்டு வந்து இங்க எழுதுங்க. அதப் பத்திப் பேச இன்னும் நெறைய இருக்குது.