வேர் நுனி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவின் மேல் முன்பல்லுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்து, உள்ளே போஸ்ட் (கேப்பைத் தாங்க வேருக்குள் வைக்கும் சிறு கம்பி) இறக்கிக் கேப் போட்டார்கள். இப்போது ஈறில் சீழ்க்கொப்புளம் வருவதும் உடைவதுமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் அடங்குகிறது, பிறகு திரும்பி வருகிறது. மறுபடி வேர் சிகிச்சை செய்யப் போஸ்ட்டைக் கழற்றினால் வேர் விரிசல் விடலாமாம். அதனால் ஈறைத் திறந்து, வேர் நுனியில் 3 மி.மீ. வெட்டியெடுத்து, எம்டிஏ என்ற பல் சிமென்ட் வைத்து அடைக்கும் அபிகோஎக்டமி செய்யலாம் என்கிறார் மருத்துவர். பல்லைப் பிடுங்கி இம்பிளான்ட் வைக்கும் யோசனையை அம்மா காதிலேயே வாங்கவில்லை.

மதுரைப் பக்கம் மைக்ரோஸ்கோப் வைத்து இதைச் செய்யும் வேர் சிகிச்சை நிபுணரைத் தெரியுமா? முன்கூட்டியே சிபிசிடி ஸ்கேன் (பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தீர்களா? செலவு எவ்வளவு? அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குப் புண் ஆற எத்தனை நாளானது என்பதையும் சொல்லுங்கள். கிராம்பு, உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது.